நைட்டிங்கேல் அம்மையாரும் பதிவேட்டில் இல்லாத பராமரிப்பாளர்களும்

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் 12ஆம் திகதி உலக தாதியர் தினம் கொண்டாடப்படுகிறது. அது புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த நாள். கையில் விளக்கு ஏந்திய அவரது படம் அன்று எமது வட்சப் குழுக்கள் எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றி வரும். தாதியராக வேலைசெய்யும் எம்மவருக்கு வாழ்த்துகள் குவியும். அது நல்ல வழக்கம்தான். ஆனால் பிரித்தானியாவில் வைத்தியசாலைகளிலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் வேலைசெய்யும் எம்மவரில் பலர் தாதியர் அல்லர். ஹெல்த்கெயார் அசிஸ்டன்ட் என்றும் கெயாரர் என்றும் அழைக்கப்படும் உதவியாளர்கள். ஊரில் ஆசிரியைகளாகவும் வங்கி உத்தியோகத்தர்களாகவும் இருந்தவர்கள்கூட இவர்களுள் உண்டு. என்ன வேலை என்று கேட்டால், சும்மா கெயாரர்தான் என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்.

அந்த விளக்கில் இவர்களுக்கும் பங்கு உண்டா என்ற கேள்வியோடு அம்மையாரின் வாழ்க்கையை நாம் மறுபடி பார்த்தோம். கணக்கு எழுதிப் பிழைக்கும் எமக்கு அவரிடம் வேறொரு ஈர்ப்பும் உண்டு. பலர் நினைப்பதுபோல அவர் இரக்கத்தினால் மட்டும் பெயர் பெற்றவர் அல்லர். எதையும் எண்ணிப் பார்த்து, பதிந்து வைத்து, அந்தப் பதிவைக் காட்டி அரசாங்கத்தையே பதில் சொல்ல வைத்தவர்.

1820ஆம் ஆண்டு, செல்வந்தரான ஆங்கிலப் பெற்றோர் இத்தாலியில் தங்கியிருந்தபோது, புளோரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். நகரத்தின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். அவருக்கு மூத்தவர் பார்த்தினோப்பி நேப்பிள்ஸ் நகரில் பிறந்தவர். அவருக்கும் அந்நகரின் பழைய கிரேக்கப் பெயர்தான். இங்கிலாந்தில் குடும்பத்துக்கு டார்பிஷயரில் ஒரு வீடும் ஹாம்ப்ஷயரில் ஒரு வீடும் இருந்தன. தந்தையார் வில்லியம் நைட்டிங்கேல் தம் இரு பெண்களுக்கும் கிரேக்கம், இலத்தீன், வரலாறு, தத்துவம் எல்லாம் தாமே கற்பித்தார். இளையவருக்குக் கணக்கில் தீராத ஆசை. 1837இல், பதினாறு வயதில், கடவுள் தம்மைத் தொண்டுக்கு அழைத்ததாக அவர் உணர்ந்தார். அது எந்தத் தொண்டு என்று தெளிவாகச் சில ஆண்டுகள் ஆயின.

1845இல் சோல்ஸ்பரி வைத்தியசாலையில் தாதி வேலை பழகப் போகிறேன் என்று அவர் சொன்னபோது வீடு அதிர்ந்தது. காரணம் இருக்கிறது. அக்காலத்தில் தாதி என்றால் வைத்தியசாலையில் கூலிக்கு வேலைசெய்யும் பெண். தரை துடைப்பது, அடுப்பு மூட்டுவது, நோயாளியின் மலசலம் அகற்றுவது எல்லாம் அவள் வேலை. பயிற்சி கிடையாது, சம்பளம் சொற்பம், குடிப்பழக்கம் உள்ளவர்கள் என்ற பெயர் வேறு. இன்று நாம் உதவியாளர் என்று சொல்கிறோமே, அன்றைய தாதி அதற்கும் கீழே இருந்தார். நல்ல குடும்பத்துப் பெண் அங்கே போவதை எந்தத் தாய் ஒப்புவார்? எமது வீடுகளிலும் இதே மறுப்பு வேறு சொற்களில் எழுந்ததை நாம் அறிவோம்.

அவர் பின்வாங்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் தம்மை விரும்பிக் காத்திருந்த ரிச்சர்ட் மொங்டன் மில்ன்ஸ் என்பவரை 1849இல் மறுத்தார். 1851இல் ஜேர்மனியில் கைசர்ஸ்வேர்த் என்ற இடத்தில் மதகுரு பிளீட்னர் நடத்திய நிலையத்தில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். 1853இல் இலண்டன் ஹாலி வீதியில், நோயுற்ற கண்ணியமான பெண்களுக்கான சிறிய நிலையம் ஒன்றுக்குச் சம்பளமில்லாத மேற்பார்வையாளரானார். தந்தையார் ஆண்டுக்கு 500 பவுண் படியாகக் கொடுக்க முன்வந்தார். அங்கே அவர் முதலில் கேட்டவை மூன்று: ஒவ்வொரு மாடிக்கும் குழாயில் சுடுநீர், நோயாளிகளின் உணவை மேலே ஏற்றுவதற்கு ஒரு பாரந்தூக்கி, நோயாளி அழைப்பதற்கு மணி. தாதி படியேறி இறங்கியே களைத்துப்போனால் கட்டிலருகே நிற்க ஆள் இராது என்பது அவர் கணக்கு. இன்றைக்கும் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலை செய்தவர்களுக்கு அந்தக் கணக்கு விளங்கும்.

1854இல் பிரித்தானியாவும் பிரான்சும் துருக்கியோடு சேர்ந்து ரஷ்யாவுக்கு எதிராகப் போரில் இறங்கின. காயமடைந்த பிரித்தானியப் படையினர் கிரிமியாவிலிருந்து கருங்கடலைக் கடந்து, கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கு எதிர்க்கரையில் உள்ள ஸ்கூட்டாரிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அங்கே கட்டுத்துணிகூட இல்லை என்று ரைம்ஸ் பத்திரிகை எழுதியதும் நாடு கொதித்தது. அமைச்சர் சிட்னி ஹேர்பேர்ட் அம்மையாரின் நண்பர். அவரது வேண்டுகோளின்படி ஒக்டோபர் 21ஆம் திகதி 38 பெண்களுடன் புறப்பட்டு, நவம்பர் 4ஆம் திகதி ஸ்கூட்டாரியில் இறங்கினார். அடுத்த நாளே இன்கர்மான் சண்டை. காயப்பட்டவர்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள்.

அந்த 38 பேரில் 24 பேர் கத்தோலிக்க, அங்கிலிக்கன் சபைகளைச் சேர்ந்தவர்கள். மீதி 14 பேர் வைத்தியசாலைகளில் கூலிக்கு வேலைசெய்த சாதாரணத் தாதியர். சபையினருக்குத் தொண்டு மனம் இருந்தது. புண் கட்டும் பழக்கம் எல்லாருக்கும் இருக்கவில்லை. அம்மையார் பெரிதும் நம்பியவர்களில் ஒருவர் திருமதி ரொபேர்ட்ஸ். இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் பல ஆண்டுகள் கூலித் தாதியாக இருந்தவர். 1855 மே மாதம் பலக்லாவாவில் அம்மையாரே கடும் காய்ச்சலில் உயிருக்குப் போராடியபோது பக்கத்தில் இருந்து பார்த்தவரும் அவரே.

ஆனால் ஸ்கூட்டாரியின் கட்டில்களுக்கு 38 பெண்கள் எந்த மூலைக்குக் காணும்? நாளாந்தப் பராமரிப்பின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் ஓடர்லி எனப்பட்ட ஆண் உதவியாளர்கள். படையிலிருந்து பிரித்து அனுப்பப்பட்டவர்கள், காயம் ஆறி வந்தவர்கள். ஒரு நாள் பயிற்சியும் இல்லாதவர்கள். உணவு கொடுப்பது, மலச்சட்டி எடுப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, இரவில் காவல் இருப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. இரவு எட்டு மணிக்குப் பின் வாட்டுகளில் வேறு பெண்கள் இருக்கக்கூடாது என்பது அம்மையாரின் கண்டிப்பான விதி. அவர் மட்டும் விளக்கோடு சுற்றி வந்தார். அந்தச் சுற்றுத்தான் படமாகி, பாட்டாகி, புராணமாகியது. விளக்கு கடந்து போன பிறகு விடியும்வரை அந்தக் கட்டில்களுக்கிடையே இருந்தவர்கள் ஓடர்லிகள். அவர்களுடைய பெயர் எந்தப் படத்தின் அடியிலும் இல்லை.

அங்கே அம்மையார் செய்த வேலையைப் பட்டியலிட்டால் அது ஒரு நிருவாகியின் பட்டியல்போல இருக்கும். துணி துவைக்க வசதி இல்லாததால் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கொதிகலன் வைத்து, படையினரின் மனைவிமாரைக் கூலிக்கு அமர்த்தினார். கணவன்மாரோடு கடல் கடந்து வந்து நிலவறைகளில் பட்டினி கிடந்த பெண்கள் அவர்கள். நோயாளிகளுக்குத் தனிச் சமையலறை திறந்தார். படையினர் சம்பளத்தைக் குடித்து அழிப்பார்கள், வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள் என்று மேலதிகாரிகள் சொன்னபோது, வாரத்தில் ஒரு பிற்பகல் தாமே இருந்து அவர்களின் காசை வாங்கிப் பதிந்து ஊருக்கு அனுப்பினார். பின்னர் அரசாங்கம் அதற்கென அலுவலகங்கள் திறந்தது. ஆறு மாதத்துக்குள் 71,000 பவுண் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. கீழ்மட்டத்து மனிதனை நம்பி ஒரு வழி திறந்துவிட்டால் அவன் பொறுப்போடு நடப்பான் என்பதற்கு அவர் காட்டிய சான்று அந்தத் தொகை. மாதம் பிறந்ததும் ஊருக்குக் காசு அனுப்பி வாழ்ந்த எமக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

1855 பெப்ரவரியில் ஸ்கூட்டாரி வைத்தியசாலைகளில் நூறு நோயாளிகளுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மார்ச்சில் இலண்டனிலிருந்து வந்த சுகாதார ஆணைக்குழு அடைபட்ட கழிவுக் கால்வாய்களைத் துப்புரவாக்கி, காற்றோட்டத்துக்கும் நல்ல தண்ணீருக்கும் வழி செய்தது. கோடை வருவதற்குள் இறப்பு வீதம் மிகக் குறைந்தது. 1856 ஓகஸ்டில் நாடு திரும்பிய அம்மையார், புள்ளிவிபர நிபுணர் வில்லியம் பார் என்பவரோடு இருந்து இந்த இலக்கங்களை ஆராய்ந்தார். சண்டைக் காயத்தால் இறந்தவர்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே பல மடங்கு என்பது வெளியே வந்தது. இலக்கங்களைப் படிக்க அமைச்சர்களுக்குப் பொறுமை இராது என்று அவருக்குத் தெரியும். ஆகவே வட்டத்தைப் பன்னிரண்டு மாதங்களாகப் பிரித்து நிறம் தீட்டிய வரைபடமாகத் தந்தார். 1858இல் புள்ளிவிபரவியல் சங்கம் தன் முதல் பெண் உறுப்பினராக அவரைச் சேர்த்துக்கொண்டது.

1860ஐ ஒட்டி அவர் எழுதி வெளியிட்ட தாதியம் பற்றிய குறிப்புகள் என்ற சிறு நூல்தான் எமது கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. அது தாதியருக்கான பாடநூல் என்று பலரும் நினைக்கிறார்கள். வீட்டில் நோயாளியைப் பார்க்கும் சாதாரணப் பெண்களுக்காகவே அவர் அதை எழுதினார். அடுத்த ஆண்டு உழைக்கும் வர்க்கத்தினருக்காக இன்னொரு பதிப்பும் கொண்டுவந்தார். அதில் மருந்தைப் பற்றிப் பேச்சு அதிகம் இல்லை. சுத்தமான காற்று, வெளிச்சம், சூடு, அமைதி, படுக்கை, உடற் சுத்தம், நோயாளி உண்மையில் எவ்வளவு சாப்பிட்டார் என்று பார்ப்பது, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாற்றம் என்று கவனிப்பது: இவைதான் அத்தியாயங்கள். நோயாளிக்குத் தேவையான ஒரு துப்புரவு வேலையை, இது என் வேலையல்ல என்று விலக்குகிறவருக்குத் தாதியம் பொருந்தாது என்றும் அதில் உறுதியாகச் சொல்கிறார். இன்னொரு பாடமும் உண்டு. நீங்கள் அங்கே இருக்கும்போது நடப்பது, நீங்கள் இல்லாதபோதும் நடப்பதற்கு ஒழுங்கு செய்துவிட்டீர்களா என்பதே பொறுப்பு என்கிறார். வேலை முறை மாறும்போது அடுத்தவரிடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவதன் பெறுமதி தெரிந்த எவரும் இதை ஏற்பார்கள்.

இப்போது ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்த நூலில் தாதியம் என்று அவர் சொன்ன வேலைகளை இன்றைய வாட்டில் பெரும்பாலும் யார் செய்கிறார்கள்? குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைப்பது, எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று எழுதுவது, தோலில் புதிதாக ஒரு சிவப்பு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் பெரும்பாலும் உதவியாளர்களின் கையில் இருக்கின்றன. பதிவுபெற்ற தாதி மருந்துத் தட்டோடும் கணினியோடும் மருத்துவரின் சுற்றோடும் நாளைக் கழிக்க வேண்டியிருக்கிறது.

போரின்போது மக்கள் திரட்டிக் கொடுத்த 44,000 பவுணுக்கு மேற்பட்ட நிதியைக் கொண்டு 1860இல் சென் தோமஸ் வைத்தியசாலையில் அம்மையாரின் பெயரில் தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கியது. முதல் தொகுதியில் 15 பேர். பயிற்சி ஓராண்டு. தங்குமிடமும் உணவும் உடையும் கைச்செலவுக்குப் பணமும் கொடுத்தார்கள். மேற்றன் வார்ட்ரோப்பர் அம்மையார் ஒவ்வொருவருக்கும் மாதாந்தம் ஒரு தாள் நிரப்ப வேண்டும். நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், சுத்தம் எனக் கோடிட்ட நிரல்கள். புண் கட்டுதல், படுக்கை விரித்தல், நோயாளியைக் கவனித்தல் என இன்னும் பல நிரல்கள். ஒரு பேரேட்டைப்போலவே அது இருந்தது. கூலி வேலை என்று எவரும் எழுதி வைக்காத ஒன்றுக்கு நிரல் போட்டுக் கணக்குத் திறந்தார்கள். அந்தக் காரியம்தான் தாதி வேலையை மரியாதையான தொழிலாக்கியது என்று நாம் கருதுகிறோம்.

பாடசாலையில் குறைகளும் இருந்தன. முதல் ஆண்டுகளில் படிப்பைவிட வாட்டில் வேலை வாங்குவதே மேலோங்கியிருந்தது; 1870களின் தொடக்கத்தில் அம்மையாரே உள்ளே நுழைந்து திருத்த வேண்டியிருந்தது. அத்துடன், தம் செலவைத் தாமே கட்டிப் படித்த சீமாட்டிகள் மேற்பார்வைப் பதவிகளுக்கும் மற்றப் பெண்கள் வாட்டு வேலைக்கும் என்று ஒரு பிரிவும் உருவாகியது. மேலே ஒரு படி, கீழே ஒரு படி என்ற வழக்கம் நவீன தாதியத்தோடு கூடவே பிறந்தது என்பதை மறைக்க முடியாது.

1864 டிசம்பரில் இலண்டன் ஹோல்போர்ன் வறியோர் விடுதியில் திமோதி டேலி என்ற தொழிலாளி கவனிப்பாரின்றிப் படுக்கைப் புண்ணோடு கிடந்து இறந்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. இந்த விடுதிகளில் நோயாளிகளைப் பார்த்தவர்கள் அங்கேயே தங்கியிருந்த ஏழைப் பெண்கள். சம்பளம் இல்லை, எழுத வாசிக்கத் தெரியாது, மருந்துப் போத்தலின் சீட்டைப் படிக்க முடியாது. அம்மையார் அந்த மரணத்தைப் பிடித்துக்கொண்டு அமைச்சருக்கு எழுதினார். நோயுற்றவன் ஏழை என்பதால் அவனுக்குத் தரங்குறைந்த பராமரிப்புப் போதும் என்ற நினைப்பை விடவேண்டும் என்பது அவர் வாதம். அதே காலத்தில் லிவர்பூல் வணிகர் வில்லியம் ராத்போன் தம் பணத்தைக் கொடுத்து, அங்குள்ள வறியோர் விடுதி வைத்தியசாலைக்குப் பயிற்சி பெற்ற தாதியரைக் கேட்டார். 1865இல் அக்னெஸ் ஜோன்ஸ் என்ற பெண்மணி பன்னிரண்டு தாதியருடன் அங்கே பொறுப்பேற்றார். ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள்.

அங்கே ஒரு பரிசோதனையும் நடந்தது. விடுதியிலிருந்த ஏழைப் பெண்களுக்குச் சிறு சம்பளம் கொடுத்து உதவியாளர்களாகப் பழக்கிப் பார்த்தார்கள். அது சரிவரவில்லை. பலர் முதல் சம்பளத்தைக் குடித்துத் தீர்த்தார்கள். அந்தப் பெண்கள் கெட்டவர்கள் என்று முடிப்பது சுலபம். நல்ல ஊதியமும் ஒழுங்கான பயிற்சியும் வேலைக்கு ஒரு மதிப்பும் இல்லாமல் கையில் கிடைத்தவர்களை வைத்து ஒப்பேற்றும் பராமரிப்பு யாருக்கும் இலாபமில்லை என்பதே நாம் அதில் காண்பது. அக்னெஸ் ஜோன்ஸ் 1868இல், 35 வயதில், டைபஸ் காய்ச்சலில் இறந்தார். அதற்கு முந்திய ஆண்டில் இலண்டன் வறியோருக்குத் தனி வைத்தியசாலைகள் அமைக்கும் சட்டம் நிறைவேறியிருந்தது.

போரில் பிடித்த நோயின் பின்விளைவுகளால் அம்மையார் பல ஆண்டுகளைக் கட்டிலிலேயே கழித்தார். அங்கிருந்தபடியே உலகத்துக்குக் கடிதம் எழுதினார். இந்தியாவைக் காணாமலே அதன் சுகாதாரத்தைப் பற்றி நாற்பது ஆண்டுகள் எழுதினார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தைப் பற்றியும் நீர்ப்பாசனத்தின் தேவை பற்றியும் எழுதினார். 1892இல் பக்கிங்ஹாம்ஷயர் கிராமங்களில் சாதாரணப் பெண்களுக்கு ஒரு மருத்துவரைக் கொண்டு பயிற்சி கொடுத்து, வீடு வீடாகச் சென்று தாய்மாருக்குச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்க ஒழுங்கு செய்தார். இந்தியக் கிராமங்களுக்கும் அத்தகைய பெண்கள் வேண்டும் என்று 1896இல் எழுதினார். தாதிப் பட்டம் இல்லாதவராலும், சரியாகப் பழக்கினால், உயிர் காக்க முடியும் என்று அவர் நம்பினார் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இனி அவர் தோற்ற சண்டைக்கு வருவோம். 1887இல், முன்னாள் மேற்றன் எத்தல் பெட்போர்ட் பென்விக் அம்மையார் பிரித்தானியத் தாதியர் சங்கத்தைத் தொடங்கினார். மூன்றாண்டுப் பயிற்சி, பொதுவான தகுதி, மருத்துவர்களுக்கு இருப்பதுபோல ஒரு பதிவேடு: இவை அவர் கோரிக்கைகள். நைட்டிங்கேல் அம்மையார் இதை முழு மூச்சாக எதிர்த்தார். பரீட்சை அறிவை அளக்குமே தவிர, கட்டிலருகே ஒருவர் எப்படி நடப்பார் என்பதை அளக்காது. ஒருமுறை ஏடேறிய பெயர், அவர் தரம் தாழ்ந்த பிறகும் ஏட்டிலேயே கிடக்கும் என்பது அவர் வாதம். 1893இல் சங்கத்துக்கு அரச பட்டயம் கிடைத்தது, பதிவேடு கிடைக்கவில்லை. அது 1919ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வந்தது. முதலாம் இலக்கத்தில் பென்விக் அம்மையாரின் பெயர் ஏறியது.

யார் சொன்னது சரி? பதிவேடு இல்லாமல் தாதியருக்கு இன்றைய சம்பளமோ உரிமையோ கிடைத்திராது. பென்விக் அம்மையார் கண்டது சரி. ஆனால் பதிவேடு என்பது ஒரு வேலி. உள்ளே இருப்பவருக்குப் பாதுகாப்பு. வெளியே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவார். கணக்கிலும் இதே கதைதான். ஏட்டில் நிரல் இல்லாத சொத்து எவ்வளவு உழைத்தாலும் ஐந்தொகையில் ஏறுவதில்லை.

அம்மையார் இந்த முடிவைக் காணவில்லை. இறுதி ஆண்டுகளில் அவரது கண்பார்வை மங்கி முற்றாக அற்றது. 1907இல் ஓடர் ஒப் மெரிட் என்ற உயர் விருது, அதைப் பெற்ற முதல் பெண்ணாக, அவருக்கு வழங்கப்பட்டபோது அதை அறியும் நிலையிலும் அவர் அதிகம் இல்லை. உலகுக்குப் பராமரிப்புச் சொல்லிக்கொடுத்தவரைக் குளிப்பாட்டி ஊட்டிப் படுக்கவைக்க வேறொருவர் தேவைப்பட்டார். இரவில் தாதி போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனபின், இவர் மெல்ல எழுந்து பக்கத்து அறைக்குப் போய் அந்தத் தாதிக்குப் போர்த்திவிட்டு வருவாராம். 1910 ஓகஸ்ட் 13ஆம் திகதி, 90 வயதில், இலண்டன் சவுத் வீதியில் உள்ள வீட்டில் காலமானார். வெஸ்ட்மினிஸ்டர் பேராலயத்தில் இடம் தருவதாகச் சொன்னதைக் குடும்பம் மறுத்தது. ஹாம்ப்ஷயரில் ஈஸ்ட் வெலோ கிராமத்துத் தேவாலயத்தில் குடும்பக் கல்லறையில் அவர் கிடக்கிறார். அவருக்கென்று அதில் முதலெழுத்துகள் இரண்டும் திகதிகளும் மட்டுமே.

அவருக்குப் பிறகு வேலிக்கு வெளியே நின்றவர்களின் கதை இப்படிப் போனது. இரண்டாம் உலகப் போரில் ஆள் போதாமல், 1943ஆம் ஆண்டுச் சட்டம் உதவித் தாதியருக்கென்று இரண்டாவது ஏடு ஒன்றைத் திறந்தது. 1961இல் உதவி என்ற சொல் நீக்கப்பட்டு ஸ்ரேட் என்றோல்ட் நேர்ஸ் என்ற பெயர் நிலைத்தது. கரீபியன் தீவுகளிலிருந்தும் ஆசிய நாடுகளிலிருந்தும் தாதியம் படிக்க வந்த பலர், வித்தியாசம் விளக்கப்படாமலே இந்த இரண்டாந்தரப் படிப்புக்குள் தள்ளப்பட்டார்கள். ஊருக்குத் திரும்பினால் அந்தத் தகுதி செல்லாது என்பது பின்னர்தான் அவர்களுக்குத் தெரிந்தது. 1980களின் கடைசியில் தாதியக் கல்வி உயர்கல்வி நிலையங்களுக்கு நகரத் தொடங்கியபோது, இந்த இரண்டாம் நிலைப் பயிற்சி படிப்படியாக நிறுத்தப்பட்டது. வேலை நிற்கவில்லை. அதைச் செய்ய ஹெல்த்கெயார் அசிஸ்டன்ட் என்ற புதிய பெயரில் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு எந்த ஏடும் இல்லை.

வேலையோ கூடிக்கொண்டே போயிற்று. ஒரு காலத்தில் மருத்துவர் மட்டும் செய்த உடல்வெப்பம் பார்ப்பதும் இரத்த அழுத்தம் அளப்பதும் தாதிக்கு வந்தன. தாதியிடமிருந்து உதவியாளருக்கு வந்தன. இன்று பல வைத்தியசாலைகளில் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் இரத்தம் எடுக்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், இருதயத்துடிப்புப் பதிவும் செய்கிறார்கள். ஸ்ரபோர்ட் வைத்தியசாலையில் நோயாளிகள் கவனிப்பாரின்றித் துன்பப்பட்டது பற்றி விசாரித்த பிரான்சிஸ் ஆணைக்குழு, 2013 பெப்ரவரி அறிக்கையில் உதவியாளர்களுக்கும் பதிவு வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு கமில்லா கவென்டிஷ் அம்மையார் தலைமையில் தனி ஆய்வு நடந்தது. அதன் பயனாக 2015 ஏப்ரலில் 15 தரங்கள் கொண்ட கெயார் சேட்டிபிக்கட் வந்தது. 2019 ஜனவரியில் இங்கிலாந்தில் நேர்சிங் அசோசியேட் என்ற இடைப்பட்ட பதவிக்குத் தாதியர் பேரவை பதிவு திறந்தது. இரண்டாண்டுப் படிப்பு, உதவியாளராக இருப்பவர் வேலைசெய்துகொண்டே படிக்கலாம். 1943இல் திறந்து பின்னர் மூடிய கதவு வேறு பெயரில் மீண்டும் திறந்திருக்கிறது. ஆனால் இங்கிலாந்தில் சாதாரண உதவியாளர் இன்னும் வெளியில்தான் நிற்கிறார்.

எமது ஊர் வைத்தியசாலைகளில் இந்த வேலை செய்பவர்களைச் சிற்றூழியர் என்போம். அந்தச் சொல்லோடுதான் நாம் கப்பல் ஏறினோம். ஆகவேதான் இங்கே அந்த வேலையைச் செய்யும் எமது பிள்ளைகளும் சகோதரிகளும் குரலைத் தாழ்த்துகிறார்கள். வயதான தாய் தந்தையரை இதே உதவியாளர்களின் கையில் ஒப்படைக்கும் காலம் எமது தலைமுறைக்கு வந்துவிட்டது. அப்போதாவது அந்த வேலை சிறியதா என்று யோசிக்க வேண்டும்.

வேலையில் இருப்பவர்களுக்கும் அம்மையாரின் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. எழுதி வையுங்கள். செய்த ஒவ்வொரு பயிற்சியின் சான்றையும் சேர்த்து வையுங்கள். கெயார் சேட்டிபிக்கட்டின் தரங்களை முடித்துக் கையொப்பம் வாங்கிவிட்டீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் மனேஜரிடம் கேளுங்கள். நேர்சிங் அசோசியேட் படிப்புக்கு உங்கள் வேலைத்தலம் ஆள் எடுக்கிறதா என்று விசாரியுங்கள். நோயாளி இன்று பாதிச் சாப்பாட்டை விட்டுவிட்டார், குதிக்காலில் தோல் சிவந்திருக்கிறது என்று கண்டால், சொல்வதோடு நிற்காமல் நேரத்தோடு பதியுங்கள். ஸ்கூட்டாரியின் ஓடர்லிகள் எதையும் எழுதி வைக்கவில்லை, அவர்களைப் பற்றி எழுதவும் ஆளில்லை. இன்றைய உதவியாளர் கையில் பேனையும் இருக்கிறது, ஒவ்வொரு பதிவின் கீழும் அவர் பெயரும் இருக்கிறது.